'எனக்கு மட்டும்தான் இப்படியா?' - மனபாரத்தை இறக்கிவைக்க உதவும் குழு சிகிச்சை!

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். "என்னம்மா, உன் வீட்டுக்காரர் வரலையா?" என்று யாரோ கேட்கிறார்கள். "ஆபீஸ்ல லீவு கிடைக்கலக்கா..." என்று சிரித்தபடியே சமாளிக்கிறார் அந்தப் பெண். உண்மையில், முந்தைய நாள் இரவு குடித்த கணவர் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. சொல்லிச் சொல்லிப் பழகிய பொய் என்பதால் நாக்குகூட தடுமாறுவதில்லை. ஆனால், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் அதே பொய்யை அன்று காலையில் சொல்லியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது.

குடி மட்டுமல்ல... மனச்சோர்வு, குழந்தையின்மை, மணமுறிவு, பிள்ளையை இழந்த துயரம் என எதுவாக இருந்தாலும், 'நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க' என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். நாளடைவில், 'உலகத்துலயே எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் பிரச்னையைவிடப் பெரிதாகிவிடுகிறது. இந்த எண்ணத்தை உடைப்பதுதான் குழு சிகிச்சையின் முதல் வேலை.

காசநோயாளிகளிடம் தொடங்கிய கதை

1905-ம் ஆண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், தனியார் காசநோய் விடுதிகளில் தங்க வசதியில்லாத ஏழை நோயாளிகளை வாரம் ஒருமுறை ஒன்றாக வரச் சொன்னார். ஓய்வு, உணவு, சுத்தம் பற்றி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் அவரது நோக்கம். ஆனால், அங்கு அவர் வேறொன்றையும் கவனித்தார். ஒருவருக்கு எடை கூடினால் மற்றவர்கள் முகமும் மலர்ந்தது. ஒரே நோய் என்ற பிணைப்பு அவர்களுக்குத் தெம்பு தந்தது. குழு சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இந்த வகுப்பிலிருந்துதான் எழுதப்படுகிறது.

வட்டத்துக்குள் என்ன நடக்கும்?

பொதுவாக 6 முதல் 10 பேர் வரை வட்டமாக உட்காருவார்கள். கூடவே பயிற்சிபெற்ற உளவியல் நிபுணர் ஒருவரோ, இருவரோ இருப்பார்கள். வாரம் ஒருமுறை, சுமார் ஒன்றரை மணி நேரம். 'இங்கே பேசியது வெளியே போகக் கூடாது' என்பதுதான் முதல் விதி. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிலர் இரண்டு, மூன்று வாரங்கள் கேட்டுக்கொண்டு மட்டுமே இருப்பார்கள். அப்படிக் கேட்பதே பலருக்குப் பாதி மருந்து. தன் வீட்டுக் கதையை இன்னொருவர் வாயால் கேட்கும்போது, பல ஆண்டு வெட்கம் கொஞ்சம் கரையத் தொடங்கும்.

குழு சிகிச்சை பற்றி 1970-ல் முக்கியமான நூல் எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோம், குழுவில் குணம் தரும் அம்சங்கள் என 11 விஷயங்களைப் பட்டியலிட்டார். 'நான் தனி ஆள் இல்லை' என்ற உணர்வு அதில் ஒன்று. முன்பே தேறியவரைப் பார்த்து வரும் நம்பிக்கை இன்னொன்று. அடுத்தவருக்கு உதவும்போது கிடைக்கும் நிறைவும் பட்டியலில் உண்டு. 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்று நினைத்திருந்தவரிடம், "போன வாரம் நீங்க சொன்னது எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தை எந்த அறிவுரையையும்விட ஆழமாக இறங்கும்.

உறவுகளுக்கு ஓர் ஒத்திகை

குழுவை ஒரு சின்ன குடும்பம் எனலாம். வீட்டில் எப்படி நடந்துகொள்கிறோமோ, அதே குணம் சில வாரங்களில் குழுவிலும் எட்டிப்பார்க்கும். யார் என்ன கேட்டாலும் 'பரவாயில்லை' என்று விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளுக்குள் புழுங்குபவர், குழுவிலும் தன் நேரத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். மனைவியைப் பேசவே விடாதவர், குழுவிலும் குறுக்கே பேசுவார்.

என்ன வித்தியாசம் என்றால், வீட்டில் அது சண்டையாக முடியும். குழுவில், "நீங்க குறுக்கே பேசினப்போ எனக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று ஒருவர் நிதானமாகச் சொல்ல முடியும். அது கைகலப்பிலோ, பேச்சை முறித்துக்கொள்வதிலோ முடியாமல் பார்த்துக்கொள்ள நிபுணர் இருக்கிறார். கோபத்தைக் கொட்டாமல் சொல்வது, மறுப்பை மென்மையாகத் தெரிவிப்பது, குறுக்கிடாமல் கேட்பது... இதையெல்லாம் இங்கே பழகிவிட்டு வீட்டில் முயன்று பார்க்கலாம்.

உகாண்டா கிராமங்கள் சொன்ன பாடம்

'இதெல்லாம் படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான்' என்ற எண்ணம் உண்டா? 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றும். எய்ட்ஸ் நோய் பல உயிர்களைப் பறித்திருந்த தென்மேற்கு உகாண்டாவின் 30 கிராமங்களில் அது நடந்தது. மருத்துவர் அல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் ஒருமுறை என 16 வாரங்கள் குழுக்களை நடத்த வைத்தார்கள். இழப்பு, உறவில் பிணக்கு, வாழ்க்கையில் பெரிய மாற்றம் இவற்றைச் சுற்றியே பேச்சு.

தொடக்கத்தில் இந்தக் குழுக்களில் 86 சதவிகிதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. முடிவில் அது 6.5 சதவிகிதமானது. குழு சிகிச்சை கிடைக்காத கிராமங்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதே நிலையில்தான் இருந்தார்கள். இதே முறைக்கு உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஒரு கையேடே வெளியிட்டது.

குடிநோயாளியின் வீட்டாருக்கும் ஓர் இடம்

1935-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், குடியால் சீரழிந்த பங்குத் தரகர் ஒருவரும் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக 1951-ல் 'அல்-அனான்' உருவானது. இவற்றில் சிகிச்சையாளர் கிடையாது, கட்டணமும் கிடையாது. அதனால் இவை சுயஉதவிக் குழுக்கள், சிகிச்சை அல்ல. ஆனாலும், 'அவர் குடிக்கிறதுக்கு நான்தான் காரணமோ' என்று மருகும் மனைவிக்கு, 'இல்லை' என்று அனுபவத்திலிருந்து சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

சென்னையில், குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, நோயாளிக்கு மட்டுமன்றி குடும்பத்தினருக்கும் சிகிச்சை தேவை என்பதைத் தன் அடிப்படையாகவே வைத்திருக்கிறது.

எல்லோருக்கும் பொருந்துமா?

இல்லை. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்களுக்கும், மனநோய் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கும் முதலில் தனிப்பட்ட சிகிச்சைதான் தேவை. வீட்டில் அடி, உதை இருந்தால் கணவனும் மனைவியும் ஒரே குழுவில் உட்காருவது பாதுகாப்பல்ல. உள்ளே பேசியதற்கு வீட்டில் அடி விழலாம். மருந்து எடுப்பவர்கள், குழுவில் சேர்ந்துவிட்டோம் என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது.

சேரும் முன் கேட்க வேண்டியவை:

* குழுவை நடத்துபவரின் படிப்பும் பயிற்சியும் என்ன?
* ரகசியம் காக்க என்ன விதி இருக்கிறது?
* எத்தனை பேர், எத்தனை வாரங்கள், கட்டணம் எவ்வளவு?
* என்னைப் போன்ற பிரச்னை உள்ளவர்கள் இருக்கிறார்களா? தெரிந்தவர் யாராவது இருந்தால் என்ன செய்வது?
* பிடிக்காவிட்டால் விலகலாமா?

எங்கே போவது என்று தெரியாவிட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண்ணான 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்ற பயம் ஒரே நாளில் போய்விடாது. ஆனால், கல்யாண வீட்டில் பொய் சொல்லிச் சமாளித்த அந்தப் பெண்ணுக்கு, வாரத்தில் ஒன்றரை மணி நேரமாவது பொய் சொல்லத் தேவையில்லாத வேறு நாலு பேர் கிடைப்பார்கள். அவர்கள் எதுவும் நினைக்க மாட்டார்கள். ஏனென்றால், அவர்களும் அதே பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான்.