143-லிருந்து 67: ருவாண்டா எதைத் திருத்தியது?

2008-க்கு முன்பு ருவாண்டாவில் வீடோ கடையோ வாங்கியவர், அதைத் தன் பெயருக்கு மாற்றச் சொத்து மதிப்பில் 6 சதவீதத்தைக் கட்டணமாகக் கட்ட வேண்டும். பணம் கட்டிய பிறகும் வேலை முடிய ஓராண்டுக்கு மேல் ஆகும். பெயர் மாறாத சொத்தை வங்கி அடமானமாக ஏற்காது. அடமானம் இல்லையென்றால் தொழிற்கடனும் இல்லை. 2008-இல் அரசு ஒரு சிறு திருத்தம் செய்தது. சொத்து என்ன விலை போனாலும் சரி, பெயர் மாற்றக் கட்டணம் 20,000 ருவாண்டா பிராங்க் மட்டும்.

‘தொழில் சூழலை மேம்படுத்துகிறோம்’ என்று அரசுகள் முழங்குவதெல்லாம் கடைசியில் இப்படிப்பட்ட கணக்கில்தான் வந்து நிற்கிறது. எத்தனை கவுன்டர், எத்தனை கையெழுத்து, எவ்வளவு பணம், எத்தனை நாள்?

ருவாண்டாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டிய நெருக்கடி இருந்தது. 1994-இல் சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்ட நாடு அது. கடற்கரை கிடையாது. ஏற்றுமதி என்று சொல்லிக்கொள்ளக் காபியும் தேயிலையும்தான் பெரிதாக இருந்தன. வெளியிலிருந்து ஒருவர் முதலீட்டுடன் வர வேண்டுமென்றால், அதிபர் பால் ககாமேயின் அரசால் மாற்ற முடிந்தது தன் சொந்த அலுவலகங்களை மட்டுமே. சிதறிக் கிடந்த பல துறைகளை ஒன்றாக்கி ‘ருவாண்டா வளர்ச்சி வாரியம்’ அமைக்கப்பட்டது; முன்மாதிரி சிங்கப்பூர். வணிக வழக்குகளுக்கு 2008-இல் தனி நீதிமன்றங்கள் வந்தன. 2009-இல் புதிய நிறுவனச் சட்டம் வந்தது. கம்பெனி தொடங்க இரண்டே படிகள், 3 நாட்கள் என்றானது. அந்த ஆண்டு செப்டம்பரில், எங்கே தொழில் செய்வது எளிது என்று நாடுகளை வரிசைப்படுத்தி வெளியான உலக வங்கிப் பட்டியலில் ருவாண்டா 143-ஆவது இடத்திலிருந்து 67-க்குத் தாவியது. உலகிலேயே அதிகம் சீர்திருத்திய நாடு என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள எந்த நாட்டுக்கும் அதற்கு முன் அந்தப் பெயர் கிடைத்ததில்லை.

இந்தப் பட்டியலின் வேர் பெருவில் இருக்கிறது. 1980-களில் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோவின் குழு தலைநகர் லிமாவின் புறநகரில் ஒரு சிறு தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்தது. 289 நாட்கள் ஆயின. பத்து முறை லஞ்சம் கேட்டார்கள். இரண்டு இடங்களில் கொடுக்காமல் நகரவே முடியவில்லை. ஏழைகள் சட்டத்துக்கு வெளியே தொழில் செய்வது சோம்பலாலோ குற்ற மனத்தாலோ அல்ல, உள்ளே வரும் கதவு அவ்வளவு குறுகலாக இருப்பதால்தான் என்று அந்த எண் காட்டியது. நாட்களையும் படிகளையும் எண்ணும் இந்த முறையைப் பின்பற்றித்தான் உலக வங்கி 2003 முதல் ‘டூயிங் பிசினஸ்’ அறிக்கையை வெளியிட்டது.

எண்ணுவது நல்லதுதான். ஆனால் அந்த அறிக்கை எதை எண்ணியது என்பதைப் பார்க்க வேண்டும். ருவாண்டா போன்ற நாட்டில் அது பார்த்தது தலைநகரை மட்டும். அங்கேயும் ஓரளவு வசதியான ஒரு கம்பெனி, சட்டப் புத்தகத்தின்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும். மாணவனுக்கு வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாடத்தையா படிப்பான்? இந்தியாவும் 142-இலிருந்து 63-க்கு ஏறியதைக் கொண்டாடியது. பிறகு சீனா, சவுதி அரேபியா உள்ளிட்ட நாடுகளின் தரவுகளில் முறைகேடு நடந்தது தெரியவர, 2021 செப்டம்பரில் உலக வங்கியே அறிக்கையை இழுத்து மூடியது. ருவாண்டாவின் கடைசி இடம் 38.

அந்த அளவுகோலுக்குள் சரியாக அடங்காத ஒரு வேலையைத்தான் நான் ருவாண்டாவின் உண்மையான சீர்திருத்தம் என்பேன். 2009 முதல் 2013-க்குள் நாடு முழுவதும் நிலத்தை அளந்து முடித்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட துண்டுகள். சர்வேயர்களுக்காகக் காத்திருக்கவில்லை. வானிலிருந்து எடுத்த படங்களை அச்சிட்டு, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து மலைச்சரிவுகளில் நடக்கவிட்டார்கள். வரப்பில் இரு பக்கத்துக்காரர்களும் நிற்க, ‘இதுதான் எல்லை’ என்று அவர்கள் ஒப்புக்கொண்ட இடத்தில் படத்தின் மேல் கோடு விழுந்தது. ஒரு துண்டுக்கு ஆன செலவு சுமார் 6 டாலர். மகள்களுக்கும் சொத்துரிமை தந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்ததால், பெண்களின் பெயர்களும் சான்றிதழில் ஏறின. முதலில் சோதனை முறையில் நிலப்பதிவு நடந்த பகுதிகளை ஆராய்ந்தவர்கள், குடும்பங்கள் மண் அரிப்பைத் தடுக்கக் கூடுதலாக உழைத்ததைக் கண்டார்கள். சட்டப்படி பதிவாகாத திருமணத்தில் வாழ்ந்த பெண்களின் உரிமை சரிந்ததையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

கடற்கரை இல்லாத நாட்டால் உத்தரவு போட்டு மாற்ற முடியாதது தூரம். தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகம் தலைநகர் கிகாலியிலிருந்து சுமார் 1,400 கிலோமீட்டர். மொம்பாசா துறைமுகம் அதைவிடத் தொலைவு. ஆனால் வழியில் நிற்கும் நேரத்தைக் குறைக்கலாம். தான்சானிய எல்லையில் ருசுமோ அருவிக்குப் பக்கத்தில் ஜப்பான் உதவியுடன் புதிய பாலமும் கூட்டுச் சோதனைச் சாவடியும் 2016-இல் திறக்கப்பட்டன. இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் அமர்வதால் லாரி ஒருமுறை நின்றால் போதும்.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று உண்டு. 3 நாளில் கம்பெனி தொடங்குபவர் சந்தையில் யாரோடு போட்டியிடுகிறார்? பால், பழச்சாறு விற்கும் இன்யாங்கே போன்ற நிறுவனங்களைக் கையில் வைத்திருக்கும் கிரிஸ்டல் வென்ச்சர்ஸ் ஆளும் கட்சிக்குச் சொந்தமானது. 2024 தேர்தலில் ககாமே 99 சதவீத வாக்குகளுடன் வென்றார் என்றது அதிகாரபூர்வ முடிவு. அப்படிப்பட்ட நாட்டில் கட்சிக் கம்பெனியோடு மல்லுக்கட்ட யாருக்குத் துணிவு வரும்?

மறுபடி அந்தப் பெயர் மாற்றக் கட்டணத்துக்கு வருவோம். தொகை எல்லோருக்கும் ஒன்று என்றால், கிகாலியில் மாளிகை வாங்குபவருக்கு அது தூசு. மலைச்சரிவில் கால் ஏக்கர் வாங்கும் விவசாயிக்கு நிலத்தின் விலையோடு ஒப்பிட்டாலே மலைப்பு. போதாக்குறைக்கு, விவசாய நிலத்தை ஒரு ஹெக்டேருக்குக் கீழே பிரிக்கக் கூடாது என்றது 2013 நிலச் சட்டம். நாட்டின் பெரும்பாலான துண்டுகளோ அதைவிடச் சிறியவை. ஆகவே பல கிராமங்களில் பழையபடி சாட்சி வைத்துத் தாளில் எழுதி விற்கத் தொடங்கினார்கள். அவ்வளவு பாடுபட்டு எழுதிய பதிவேட்டில் பழைய உடைமையாளரின் பெயரே நின்றுவிட்டது. சிறு நிலங்களுக்கு அந்தக் கட்டணத்தை ருவாண்டா முதல் நாளே தள்ளுபடி செய்திருக்க வேண்டும்.