மரக்காணம் உப்பளத்தில் ஒரு பசிக் கணக்கு: தண்ணீரில் இருக்கும் பாஸ்பரஸ் எல்லாம் நுண்ணுயிர்களுக்கு உணவா?

சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் காரை ஓரங்கட்டி, வெள்ளை உப்புக் குவியலுக்கு முன்னால் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். பக்கத்துப் பாத்தியில் தேங்கியிருக்கும் நீரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அதற்குள் பாஸ்பரஸுக்கு அலைகின்றன. அது இல்லாமல் டி.என்.ஏ கிடையாது, ஒரு செல் இரண்டாகப் பிரியவும் முடியாது.

இந்தப் பகுதிக்கு பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? சுற்றுவட்டார வயல்களில் வடியும் மழைநீர் கழுவெளியில் சேர்ந்து, எடையந்திட்டு கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. 2024-ல் ராம்சார் அங்கீகாரம் பெற்ற அதே கழுவெளி பறவைகள் சரணாலயம்தான். வயலுக்குப் போடும் டி.ஏ.பி மூட்டையில் 46 சதவிகிதம் பாஸ்பரஸ் சத்து (பென்டாக்ஸைடு கணக்கில்) இருக்கிறது. அதில் ஒரு பகுதி சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டிக்கொண்டு சேற்றில் தங்கிவிடும். சாணம், அழுகிய இலை, செத்த பாசி ஆகியவற்றிலிருந்து வருவது கரிமச் சேர்மங்களாக நீரில் கரைந்திருக்கும்.

சிக்கல் இங்கேதான். ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வது மர்ஃபி, ரைலி இருவரும் 1962-ல் வெளியிட்ட முறை. நீரில் மாலிப்டேட்டையும் வைட்டமின் சி-யையும் அமிலத்தோடு கலந்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு பாஸ்பேட். ஆனால், கரிமச் சேர்மங்களில் பெரும்பகுதி இந்தச் சோதனைக்குச் சிக்காது. ரிப்போர்ட்டில் ‘பாஸ்பேட் குறைவு’ என்று வரும். அதே நீரில் பாசி செழிப்பாக வளர்ந்துகொண்டிருக்கும்!

காரணம், நுண்ணுயிர்களின் கையில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் ‘ஏ.எல்.பி’ என்று ஒரு வரி பார்த்திருப்பீர்களே, அல்கலைன் பாஸ்ஃபடேஸ், அந்த வகை நொதிதான். பாஸ்பேட் தட்டுப்பாடு வந்தால் பாக்டீரியாக்கள் இதைச் சுரந்து, கரிமச் சேர்மத்திலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுத்துக்கொள்ளும். வெட்டுப்பட்டால் மஞ்சளாக மாறும் நிறமற்ற வேதிப்பொருள் ஒன்றை நீரில் விட்டு, இந்த நொதியின் வேகத்தை அளக்கலாம். கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனை இது.

சரி, எந்தச் சேர்மம் உண்மையில் உணவாகிறது? காரின் பியோர்க்மன், டேவிட் கார்ல் இருவரும் ஹவாய் கரையோரக் கடல்நீரில் செய்த ஆய்வு 1994-ல் வெளிவந்தது. அதன் உத்தியை நம் ஊர் பந்தியை வைத்துச் சொல்லலாம். அடையாளம் போட்ட இட்லியைப் பரிமாறிக்கொண்டே இருக்கிறோம். நடுவில் புதிதாக ஒரு பண்டத்தை வைக்கிறோம். இட்லி செலவாவது குறைந்தால், அந்தப் பண்டம் வயிற்றுக்குள் போகிறது என்று அர்த்தம். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து, அதில் எத்தனை பங்கு உணவாகிறது என்றும் கணக்கிடலாம். இங்கே இட்லி, கதிரியக்க பாஸ்பேட். பண்டம், சோதிக்க வேண்டிய சேர்மம். டி.என்.ஏ-வின் துண்டுகளைப் போன்ற நியூக்ளியோடைடுகள் நுண்ணுயிர்களுக்கு எளிதில் உணவாவது அதில் தெரிந்தது.

உப்பளத்துக்கு இதனால் என்ன? நிறைய இருக்கிறது. பாத்திக்கு வரும் நீரில் ஊட்டச்சத்து மிகுந்தால், சில நீலப்பச்சைப் பாசிகள் கோழை போன்ற பிசினைச் சுரக்கும். உப்புநீர் கொழகொழப்பாகி, உப்பு பொடிப்பொடியாக விளையும், தரமும் குறையும். அடிக்கிற வெயிலில் பாத்தி மிதித்து, உப்பு வாருகிறவர்களின் உழைப்பு அந்தப் பிசினில் போய்விடும். நீல நிறச் சோதனையை மட்டும் நம்பினால் இந்த ஆபத்து முன்கூட்டியே தெரியாது.

மரக்காணத்தில் அளப்பதானால் ஒருமுறை போதாது என்பேன். வடகிழக்குப் பருவமழையில் உப்பு உற்பத்தி நின்றிருக்கும்போது வயல் நீர் வந்து சேர்கிறது. கோடையில் அதே நீர் சுண்டுகிறது. இரண்டு நேரத்திலும் நுண்ணுயிர் கூட்டம் வேறு, பசியும் வேறு. ஒரு நடைமுறைத் தொல்லையும் உண்டு: பாஸ்பரஸ்-32 ஐசோடோப்பின் வீரியம் 14 நாள்களில் பாதியாகிவிடும். வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்க முடியாது.