வறட்சியையும் சேர்த்து வளர்க்க வேண்டிய மீன்

தொட்டியில் தண்ணீர் குறையக் கூடாது என்பதுதான் மீன் வளர்ப்பவர்கள் முதலில் கற்கும் பாடம். ஓராண்டுக் கில்லி மீன்களிடம் அந்தப் பாடம் பாதி தூரம்தான் செல்லும். இவற்றின் முட்டைகளைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஈரம் மட்டும் எஞ்சும்படி பிழிந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, மாதக்கணக்கில் அலமாரியில் வைக்க வேண்டும். பிறகு ஒருநாள் தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். பார்ப்பவர்களுக்கு இது வித்தைபோலத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் வித்தையாக மட்டும் பார்த்தால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போகும். எல்லா முட்டைகளும் ஒரே நாளில் பொரிப்பதில்லை. புதிதாக வளர்ப்பவர் அதைத் தோல்வி என்று எண்ணி, மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார். பொரிக்காமல் நிற்கும் அந்த முட்டைகளை நம்பித்தான் இந்த மீனினங்கள் இவ்வளவு காலம் பிழைத்து வந்திருக்கின்றன; அவற்றுக்கு இடம் கொடுக்காத வளர்ப்பு, மீனின் நிறத்தை மட்டும் வளர்த்து அதன் இயல்பைத் தொலைத்துவிடும் என்பது என் வாதம்.

ஆப்பிரிக்காவின் புல்வெளிகளிலும் தென்னமெரிக்காவின் சமவெளிகளிலும் மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் குட்டைகள்தான் இவற்றின் வீடு. ஆப்பிரிக்காவின் நோத்தோபிராங்கியஸ் பேரினத்தில் மட்டும் ஏறக்குறைய நூறு இனங்கள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது ஃபர்செரி. ஜிம்பாப்வேயின் தென்கிழக்கு மூலையிலுள்ள கோனரேஷோ தேசியப் பூங்காவிலும் அதை அடுத்த மொசாம்பிக்கிலும் அது வாழ்கிறது. அந்தக் குட்டைகளின் அடியில் இருப்பது கறுத்த களிமண். மண்ணியலாளர்கள் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலையும் அதே வகையில்தான் சேர்க்கிறார்கள்: நனைந்தால் உப்பி நீரைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் ஆழமாக வெடிக்கும். ஒரு குட்டை சில வாரங்களில் வற்றும், இன்னொன்று சில மாதங்கள் தாக்குப்பிடிக்கும். எது எவ்வளவு நாள் நிற்கும் என்று மீனுக்குத் தெரிய வழியில்லை. அதனால் அது அவசரப்படுகிறது. மொசாம்பிக் குட்டைகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, பொரித்த 14 அல்லது 15 நாட்களிலேயே ஃபர்செரி இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் இதைவிட விரைவாகப் பருவமடைவது எதுவும் இதுவரை அறியப்படவில்லை. குட்டை வற்றும்போது பெரிய மீன்கள் ஒன்று விடாமல் மடிகின்றன. நம் கண்மாய்களில் நீர் வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். கில்லிக்கு அந்தத் திறன் கிடையாது. வெடித்த மண்ணுக்குள் கோடையைக் கடப்பது முட்டை மட்டும்தான்.

அந்த முட்டை ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதற்குள் நடப்பதை 1972இல் ஜான் வூர்ம்ஸ் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதினார். கரு தன் வளர்ச்சியை மூன்று கட்டங்களில் நிறுத்திவைக்க முடியும் என்று அவர் காட்டினார். முதல் கட்டத்தில் உயிரணுக்கள் மஞ்சள் கருவின் மேல் சிதறிக் கிடக்கும், உடல் என்று ஒன்று உருவாகியே இருக்காது. இரண்டாவதில் உடலின் அச்சும் இதயமும் வந்திருக்கும். பெரும்பாலும் மிக நீண்ட உறக்கம் இந்தக் கட்டத்தில்தான். மூன்றாவதில் குஞ்சு முழுதாக உருவாகிவிடும், பொரிப்பதற்கான சைகைக்காக மட்டும் காத்துக் கிடக்கும். இதில் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது, ஒரே தாய் ஒரே நாளில் இட்ட முட்டைகள்கூட ஒரே பாதையில் போவதில்லை என்பதுதான். சில இரண்டாம் உறக்கத்தைத் தாண்டி ஓடிவிடும், சில அதிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். இதற்குக் காரணம் ஆப்பிரிக்க மழையின் குணம். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு மழை பெய்து குட்டை நிரம்பும். அடுத்த மழை வருவதற்குள் அது காய்ந்தும்விடும். முதல் மழைக்கே எல்லா முட்டைகளும் பொரித்திருந்தால், அந்தக் குட்டையின் வம்சம் அந்த வாரத்தோடு முடிந்திருக்கும். பாலைவனச் செடிகளின் விதைகளும் இப்படித்தான் தவணை தவணையாக முளைக்கின்றன. மழை நிச்சயமில்லாத நிலத்தில் விதைகளில் ஒரு பகுதி முளைக்காமல் இருப்பதே நெடுங்காலத்தில் ஆதாயம் என்று டான் கோஹன் 1966இல் கணக்குப் போட்டுக் காட்டினார். கில்லி முட்டைக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

வீட்டில் இதைச் செய்துபார்க்கப் பெரிய செலவு ஆகாது. தொடங்குபவர்களுக்கு ஏற்றது சான்சிபார் தீவைச் சேர்ந்த குந்தெரி. இருபது லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், குதித்து வெளியே விழாமல் இருக்க இறுக்கமான மூடி. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் மீன்கள் வேண்டும். ஆண் ஓயாமல் துரத்தும், ஒரே பெண் என்றால் அது நொந்துபோகும். முட்டையிடுவதற்கு அடிமண் தேவை. மேல்நாட்டில் இதற்கு நெடுங்காலமாகப் பீட் பாசியைப் பயன்படுத்துகிறார்கள். சதுப்பு நிலங்களில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அந்தப் பொருளை மீன் தொட்டிக்காக வெட்டியெடுக்க வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உலகமெங்கும் போகும் தென்னை நார்க்கழிவு இந்த வேலைக்கு நன்றாகவே பயன்படுகிறது. அதில் உப்பும் சாயமும் இருக்கும் என்பதால் கொதிக்கவைத்து, நீர் தெளியும்வரை பலமுறை அலச வேண்டும். அலசியதை ஒரு சிறிய டப்பாவில் இரண்டு விரல் உயரத்துக்கு நிரப்பி, தொட்டியின் அடியில் வைத்துவிட்டால் போதும். ஆண் தன் முதுகுத் துடுப்பால் பெண்ணை அணைத்து அடியோடு அழுத்தும். ஒவ்வொரு முறையும் ஒரு முட்டை நார்த்தூளுக்குள் போய்ச் சேரும்.

வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ டப்பாவை எடுத்து, நார்த்தூளை மெல்லிய வலையில் வடிகட்டிப் பிழிந்து, செய்தித்தாளின் மேல் பரப்பி ஆறவிட வேண்டும். எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். புட்டுக்குப் பிசறிய மாவின் பதம்தான் அளவு: பிடித்தால் உருண்டையாக நிற்கும், விட்டால் உதிரும், பிழிந்தால் சொட்டு நீர் வராது. ஈரம் கூடினால் முட்டை பூஞ்சை பிடிக்கும், குறைந்தால் சுருங்கிவிடும். பையில் கட்டி, இனத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். குந்தெரிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். மொசாம்பிக்கின் ரக்கோவி அரையாண்டு வரைகூடக் காக்கவைக்கும். வெப்பம் கூடினால் காலம் குறையும். ஆகவே சென்னையின் மே மாதத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே கணக்கு செல்லாது. தேதியைவிட முட்டையையே நம்ப வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது, முட்டைக்குள் கரிய கண்ணைச் சுற்றிப் பொன்னிற வளையம் தெரிந்தால் குஞ்சு தயார் என்று பொருள்.

அப்போதுதான் நனைக்க வேண்டும். தட்டையான பாத்திரத்தில் நார்த்தூளைப் போட்டு, அறை வெப்பத்தைவிடச் சற்றுக் குளிர்ந்த தண்ணீரை நான்கு விரல் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். மண்பானைத் தண்ணீர் கச்சிதமாக இருக்கும். நீருக்கடியில் உயிர்வளி குறைவதும் குஞ்சை வெளியே வரத் தூண்டும் சைகைகளில் ஒன்று. அதனால் அசையாமல் கிடக்கும் முட்டைகளை எழுப்ப, நீரில் ஒரு சிட்டிகை மீன் தீவனப் பொடியைத் தூவுவது வளர்ப்பவர்களிடையே பழைய வழக்கம். பொடி அழுகும்போது நுண்ணுயிர்கள் உயிர்வளியைத் தின்றுவிடும். சில குஞ்சுகள் காற்றுப்பை நிரம்பாமல் பாத்திரத்தின் அடியில் வயிற்றால் ஊர்ந்துகொண்டே இருக்கும். உரிய நேரத்துக்கு முன்போ, மிகவும் தாமதித்தோ நனைத்தால் இவை அதிகமாக வருகின்றன. இவற்றுக்கு நல்ல கதி கிடையாது. நீந்தும் குஞ்சுகளைக் கரண்டியால் வேறு தொட்டிக்கு மாற்றி, அன்றைக்கே அப்போது பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால் குஞ்சுகளைக் கொடுக்க வேண்டும், அதுவும் நாளுக்கு இரண்டு மூன்று வேளை. இந்த மீன்களின் வளர்ச்சி வேகத்துக்குப் பட்டினி ஒத்துவராது. உலர் தீவனத்தைப் பெரும்பாலும் சீண்டுவதும் இல்லை. வளர்ந்தபின் ரத்தப்புழு, ட்யூபிஃபெக்ஸ் புழு, நீர்த்தெள்ளுப்பூச்சி போதும். கொசுப்புழுவை விரும்பித் தின்னும் என்பதற்காக மொட்டைமாடியில் தண்ணீர் தேக்கிவைக்கக் கூடாது, டெங்கு பரவும் ஊர்களில் அது அண்டைவீட்டாருக்குச் செய்யும் தீங்கு. உடலில் பொன்துகள் தூவியதுபோல் படரும் வெல்வெட் நோய் இவற்றை எளிதில் கொல்லும். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு அதற்கு நல்ல காப்பு.

சில மாதங்களில் சாகும் மீனை எதற்கு இவ்வளவு பாடுபட்டு வளர்ப்பது என்று பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் மற்ற தொட்டி மீன்களை அளக்கும் கோலால் இதை அளக்கக் கூடாது. குறுகிய வாழ்வு இந்த மீனுக்கு வளர்ப்பவர் செய்த கேடு அல்ல. அதன் குட்டை விதித்தது. பெரும்பாலான நோத்தோபிராங்கியஸ் இனங்கள் வீட்டுத் தொட்டியில், ஓடி ஒளியவேண்டிய கொக்கு நாரைகளின்றி, காட்டில் கிடைப்பதைவிட நீண்ட காலம் வாழ்கின்றன. வெப்பத்தைக் குறைத்தால் இன்னும் நீளும். 1960களில் ராய் வால்ஃபோர்டும் லியூவும் தென்னமெரிக்க ஓராண்டு மீன்களைக் குளிர்ந்த நீரிலும் வெதுவெதுப்பான நீரிலும் வளர்த்து, குளிர்ந்த நீரில் இருந்தவை நீண்ட காலம் வாழ்ந்ததோடு பெரிதாகவும் வளர்ந்ததைக் காட்டினார்கள். எனவே கொதிக்கும் கோடையில் தொட்டியை வெயிலிலிருந்து விலக்கிவைப்பது மீனுக்கு ஆயுள் கொடுப்பதற்குச் சமம். எப்படியும் இங்கே வளர்ப்பது ஒரு மீனை அல்ல, ஒரு வம்சத்தை. அதை ஏற்காதவர்களுக்கு இந்த மீன் ஏமாற்றத்தைத்தான் தரும், அவர்கள் வேறு மீன் வாங்குவதே நல்லது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. உலர்த்துவதும் காத்திருப்பதும் கட்டாயமே இல்லை, ஆய்வகங்கள் அதைத் தவிர்த்துவிட்டன என்கிறார்கள். உண்மைதான். வெனிசுவேலாவின் ஆஸ்ட்ரோஃபண்டுலஸ் லிம்னேயஸ் முட்டைகளை 20 டிகிரியில் வைத்தால் அவை இரண்டாம் உறக்கத்துக்குள் போகும். 30 டிகிரியில் வைத்தால் அதைத் தாண்டி நேராக வளர்ந்துவிடும். ஃபர்செரி முட்டைகளையும் வெப்பமான பெட்டியில் வைத்துச் சில வாரங்களில் பொரிக்கவைக்கிறார்கள். முதுமையைப் பற்றி ஆராய்பவர்களுக்கு அது தேவை. ஜெர்மனியின் யேனா, கொலோன் நகரங்களிலும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலும் இந்த மீன் இன்று முதுமை ஆய்வின் முக்கிய உயிரி, 2015இல் இதன் மரபணுத் தொகுதி முழுதும் வெளியானது. ஆனால் விரைவாகப் பொரிப்பவற்றை மட்டுமே தலைமுறை தலைமுறையாகத் தாய் தந்தையாக வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? காத்திருக்கும் பண்புக்குப் பரம்பரையில் சிறிதளவு பங்கு இருந்தாலும் போதும், ஒவ்வொரு தலைமுறையிலும் அதைச் சல்லடையில் கழித்துக்கொண்டே வருகிறோம் என்று ஆகிவிடும். ஆய்வகத்துக்கு அது பொருட்டில்லாமல் இருக்கலாம். பொழுதுபோக்காக வளர்ப்பவருக்கு அவசரம் எதுவும் இல்லாதபோது அந்த விலையை ஏன் கொடுக்க வேண்டும்?

அடைபட்ட வம்சம் எப்படி மாறும் என்பதற்கு ஃபர்செரியே சாட்சி. 1960களின் இறுதியில் கோனரேஷோவில் பிடித்த மீன்களின் சந்ததியைப் பொழுதுபோக்கு வளர்ப்பாளர்கள்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டுத் தொட்டிகளில் காப்பாற்றினார்கள். அந்தச் சந்ததியை வைத்துத்தான் வால்டேசாலிசியும் செல்லெரினோவும் 2003இல், இந்த மீன் 12 வாரங்களைக்கூடத் தாண்டுவதில்லை என்று உலகுக்குச் சொன்னார்கள். அந்தத் தொட்டிகள் இல்லையென்றால் அந்த ஆய்வே இல்லை. வீட்டு வளர்ப்புக்கு இதைவிடப் பெரிய பெருமை வேண்டாம். ஆனால் அதே சந்ததியில் மரபு வேறுபாடு ஏறக்குறைய முற்றிலும் அழிந்துவிட்டது என்பதையும் பிற்கால ஆய்வுகள் காட்டின. மொசாம்பிக்கில் புதிதாகப் பிடித்த மீன்களின் சந்ததி அதைவிட வெகு நீண்ட காலம் வாழ்ந்தது. கோனரேஷோ போன்ற மழை குறைந்த உள்நாட்டில் ஆயுள் குறைவது இயல்பு என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் உட்கலப்பின் மேல் சுமத்த முடியாது. ஆனாலும் சில ஜோடிகளிலிருந்து தொடங்கிய வம்சத்தை மேலும் மேலும் குறுக்கக் கூடாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை.

வீட்டுத் தொட்டியால் இனத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று எதிர்த்திசையில் மிகைப்படுத்துபவர்களும் உண்டு. பிரேசிலில் அழியும் நிலையிலுள்ள மீன்களின் அரசுப் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்டவை இந்தக் குட்டைக் கில்லிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை. வயலாகவும் வீட்டு மனையாகவும் மாறிய ஒரே குட்டையோடு ஓர் இனமே போய்விடக்கூடும். குட்டையை நிரவிவிட்டு மீனைத் தொட்டியில் வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல மனம் வரவில்லை. தொட்டி செய்யக்கூடியது சிறிது: பிடித்த ஊரையும் ஆண்டையும் பெயரோடு விடாமல் எழுதிவைப்பது, இரண்டு குட்டைகளின் மீன்களைக் கலக்காமல் இருப்பது, மிஞ்சியதை நம் ஊர்க் குளத்தில் விடாமல் இருப்பது. கூடவே, முதல் நனைப்பு முடிந்ததும் நார்த்தூளைக் கொட்டாமல் மறுபடி பிழிந்து பையில் கட்டி, சில வாரங்கள் கழித்து இரண்டாம் முறையும், முட்டை எஞ்சியிருந்தால் மூன்றாம் முறையும் நனைக்கலாம். அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் நனைப்பில் வந்த அழகான ஆண்களோடு நிறுத்திக்கொள்ளாமல், கடைசி நனைப்பில் தாமதமாக வந்தவற்றையும் ஒரே தொட்டியில் சேர்த்துவிட வேண்டும். அவை பருவமடையும்வரை முன்னவற்றைச் சற்றுக் குளிர்ந்த நீரில் வைத்திருந்தால் வயது வித்தியாசம் தடையாக இராது.