புலிக்கு எந்தத் துப்பாக்கி?

மதுராந்தகம் அருகே வேடந்தாங்கலில், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் முறையிட, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பு தந்தார். கொக்கும் நாரையும் திருப்பித் தாக்காது. எந்தத் துப்பாக்கியும் போதும்.

புலிக்கு?

ஓசூர்ப் பக்கம் ஜவளகிரியில் ஆட்கொல்லிப் பெண்புலியை வீழ்த்திய கென்னத் ஆண்டர்சன் நம்பியது .405 வின்செஸ்டர். 1895ஆம் ஆண்டு மாடல். குண்டின் எடை ஏறக்குறைய 19 கிராம். விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். பாய்ந்து வரும் விலங்கின் முன் அந்த ஒரு நொடிதான் எல்லாம்! 1909இல் ஆப்பிரிக்கா போன அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் சிங்கத்துக்கு இதையே எடுத்தார். யானைக்கு இன்னும் கனமான இரட்டைக்குழல் துப்பாக்கி.

குண்டிலும் தேர்வு உண்டு. புலிக்கு, உடலுக்குள் பட்டதும் விரியும் மென்முனைக் குண்டு. யானைக்கு, தடித்த மண்டையோட்டைத் துளைத்துப் போகும் கெட்டிக் குண்டு. மாற்றிப் போட்டால் விலங்குக்கு வெறும் காயம், வேட்டைக்காரருக்கு ஆபத்து.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி வேட்டை குற்றமானது. இன்று ஆட்கொல்லியைப் பிடிக்க வனத்துறை முதலில் எடுப்பது மயக்க ஊசித் துப்பாக்கி.