படர்தாமரைக் களிம்பு: கேட்டதைக் கொடுக்கலாமா?

வெயில் ஏறிவிட்டால், கடைக்கு வந்து தணிந்த குரலில் "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று கேட்பவர்கள் பெருகிவிடுகிறார்கள். நம் வணிகத் தோழர்களும் இதற்கு விலக்கல்ல. காலை முதல் இரவு வரை கல்லாவில் அமர்ந்திருப்பவருக்கு வேட்டி இறுக்கும் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வேர்வை காய்வதில்லை. அங்கே படர்தாமரை வருகிறது. மீன், காய்கறிக் கடைகளில் ஈரத்திலேயே நிற்பவருக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்.

படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சைக் காளான். அதைக் கொல்லும் மருந்துகள் க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், டெர்பினஃபைன் போன்றவை. தோலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வட்டத்தின் விளிம்பையும் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். க்ளோட்ரிமசோலைத் தினம் இரு வேளையாக இரண்டு முதல் நான்கு வாரம் வரை தடவ வேண்டியிருக்கும். அரிப்பு நின்ற மறுநாளே டியூபைத் தூக்கி எறிபவருக்குத்தான் நோய் திரும்பத் திரும்ப வருகிறது. நகத்திலும் தலையிலும் உள்ள பூஞ்சைக்குக் களிம்பு மட்டும் பெரும்பாலும் போதாது. மாத்திரை தேவைப்படும், அதை மருத்துவரே தர வேண்டும்.

உண்மையான தொல்லை கலவைக் களிம்புகளால் வருகிறது. பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்து ஒரே டியூபில் அடைத்து விற்கிறார்கள். ஸ்டீராய்டு ஓரிரு நாளில் அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். வாடிக்கையாளர் "நல்ல மருந்து" என்று மெச்சி, அதையே மறுபடியும் கேட்டு வருவார். ஆனால் அது தோலின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். வட்டம் உருமாறிவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. மாதக்கணக்கில் தடவியவருக்குத் தொடையிடுக்கில் தோல் மெலிந்து, அழியாத வரிகள் விழுகின்றன. போதாக்குறைக்கு, டெர்பினஃபைனுக்கு மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020-இல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு இருக்கிறது! பெருமைப்பட ஒன்றுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி மருந்து விற்க உரிமம் வேண்டும். ஆயிரம் பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் மட்டும், தோல் களிம்பு உள்ளிட்ட சில வீட்டு மருந்துகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கில் எச் அட்டவணை மருந்துகள் சேரா. 2018-இல் 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மத்திய அரசு அந்த அட்டவணைக்குள் கொண்டுவந்தது. எனவே மருந்துச் சீட்டு இல்லாமல் அவற்றை மருந்துக் கடைக்காரரும் கொடுக்கக் கூடாது. உரிமமில்லாத மளிகைக் கடைக்குப் பில் போட்டுச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியும் பதில் சொல்ல வேண்டியவரே.

டியூபின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தாலே போதும். பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு, சீட்டைக் கேளுங்கள். "போன தடவை கொடுத்தீர்களே" என்பவரிடமும் கேளுங்கள். இரண்டு வாரத்தில் குறையாதவரையும், சர்க்கரை நோயாளியையும், வெளிறிய தேமலில் உணர்ச்சியே இல்லை என்பவரையும் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். கடைசியில் சொன்னது தொழுநோயாகவும் இருக்கக்கூடும்.