முயலுக்குக் கிட்டிய விடுதலை

மருத்துவமனையில் நம்மவர் நரம்பில் ஏற்றும் உப்பு நீர் ஜுரம் விளைவிக்கும் நச்சு அற்றது என்பதை எவ்வாறு அறிகின்றனர்? நெடுங்காலம் அதற்குச் சான்று கூறியது முயல். அதன் காது நரம்பில் மருந்தைச் செலுத்தி, உடல் உஷ்ணம் ஏறுகிறதா என மணிக்கணக்கில் பார்த்திருந்தனர்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி பிரெடரிக் பாங், லாட நண்டின் குருதி கிருமி பட்டதும் உறைந்துவிடுவதை எடுத்துரைத்தார். நீல நிறமான அக்குருதியைக் கொண்டு கிருமி நச்சைக் கண்டறியும் முறை, 1977-இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. முயல் பிழைத்தது, நண்டு அகப்பட்டது! குருதி வடித்தபின் கடலில் விட்டாலும் பல நண்டுகள் மடிந்தன.

பின்னர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக் கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ பௌ ஆகியோர் நண்டின் மரபணுவை வளர்ப்பு உயிரணுக்களில் புகுத்தி, நச்சை உணரும் அப்பொருளை நண்டின்றியே உண்டாக்கினர். பிற நச்சுகளைக் காட்டிக்கொடுக்க, மனிதக் குருதியின் வெள்ளணுக்களே சோதனைக் குழாயில் பயன்படுகின்றன. 2024-இல் ஐரோப்பிய மருந்து நியமக் குழு முயற்சோதனையைக் கைவிடத் தீர்மானித்தது. நமது நாட்டுப் புதிய மருந்து விதிகளும் 2023-இல் திருத்தம் பெற்று, உயிரணுச் சோதனை, கணிப்பொறி மாதிரி முதலியவற்றுக்கு இடமளித்தன.

நோயாளியைக் காக்க வாயில்லாப் பிராணியை வதைத்தே தீரவேண்டும் என்னும் நிலை, இந்த ஒரு சோதனையிலேனும் மாறிவிட்டது. ஏனைய சோதனைகளிலும் அது மாறுமாயின், மருத்துவத்திற்கும் ஜீவகாருண்யத்திற்கும் இடையே வழக்கேது?