தண்ணீர் ஊற்றியும் ஜாம் ஆன ஸ்கூட்டர் எஞ்சின்! பிடிபட்ட "குற்றவாளி" யார்?

(நமது நிருபர்)

விருதுநகர்-சிவகாசி ரோடு. மாலை 5 மணி இருக்கும். ஆமத்தூரைத் தாண்டி ஒரு பழைய ஸ்கூட்டர் போய்க்கொண்டு இருந்தது. ஓட்டியவர் என் பெரியப்பா. பின்னால் உட்கார்ந்து இருந்தவன் நான்.

எதிரே பட்டாசு ஆலை பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ். எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி.

"கிரீச்" என்று ஒரு சத்தம். பின்சக்கரம் திடீர் என்று பூட்டிக்கொண்டது. வண்டி பாம்பு போல நெளிந்தது. பெரியப்பா கண் இமைக்கும் நேரத்தில் கிளட்சைப் பிடித்தார். சக்கரம் விடுபட்டது. வண்டி ரோட்டோர மண்ணில் இறங்கி நின்றது. லாரி ஒரு முழ தூரத்தில் எங்களை உரசுவது போலப் போனது.

தினமும் விபத்துச் செய்தி எழுதுகிறவன் நான். கிளட்ச் பிடிக்க ஒரு விநாடி தாமதித்து இருந்தால் அன்று நானே செய்தி ஆகியிருப்பேன்!

"எஞ்சின் ஜாம்லே தம்பி" என்றார் பெரியப்பா. அவர் நூற்பாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முகத்தில் வியர்வை வழிந்தது.

லாம்பிரெட்டா வம்சம்

அந்த ஸ்கூட்டர் லாம்பிரெட்டா வம்சம். இத்தாலியில் மிலான் நகரில் 1947-ல் பிறந்த வண்டி லாம்பிரெட்டா. அந்த இத்தாலிக்காரர்கள் தொழிலைக் கைவிட்டபோது அவர்களுடைய எந்திரங்களை இந்தியா வாங்கியது. அதற்காக 1972-ல் லக்னோவில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. "விஜய் சூப்பர்" என்ற பெயர் அப்படித்தான் நம் ஊர் ரோடுகளுக்கு வந்தது. அந்த நிறுவனத்தை மூட 2021 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்துவிட்டது. வண்டிகள் மட்டும் இன்னும் ஓடுகின்றன.

இவை 2-ஸ்ட்ரோக் எஞ்சின். இன்றைய 4-ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சின் 2 சுற்று சுற்றினால் ஒரு முறைதான் தீப்பிடிக்கும். 2-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் தீ. நிமிடத்துக்கு 6 ஆயிரம் சுற்று என்றால், விநாடிக்கு 100 வெடி! சரவெடி தோற்றது போங்கள்.

தீ அதிகம் என்றால் சூடும் அதிகம். பிஸ்டன் அலுமினியம். அது ஓடும் சிலிண்டர் வார்ப்பு இரும்பு. சூட்டில் இரும்பைவிட அலுமினியம் அதிகம் வீங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். பிஸ்டன் அதற்கு மேல் வீங்கினால் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். அதுதான் "ஜாம்".

தண்ணீர் யோசனை

"நம்ம ஊரு வெயிலு தம்பி. மே மாசம் 40 டிகிரி. மேக்னட் விசிறி ஊதுற காத்தே அனலா இருக்கு. இதுக்குத் தண்ணிதான் வைத்தியம்" என்றார் பெரியப்பா.

இந்த யோசனை புதிது அல்ல. இங்கிலாந்தில் ஆல்பிரட் ஸ்காட் என்பவர் 1908-லேயே தண்ணீரால் குளிரும் 2-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை வெளியிட்டார். முதலில் அவர் எஞ்சினின் தலைக்கு மட்டும்தான் தண்ணீர் கொடுத்தார். சிலிண்டருக்குக் காற்றுதான். பம்பும் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும். ஆறியது கீழே இறங்கும். அவ்வளவுதான் ரகசியம். 1912-லும் 1913-லும் மான் தீவு பந்தயத்தில் வென்றது ஸ்காட் வண்டி.

நம் கிணற்று மேட்டில் ஓடிய பழைய ஆயில் எஞ்சினைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பக்கத்தில் ஒரு தண்ணீர் டிரம். இரண்டு குழாய். அதே தத்துவம்தான்.

பெரியப்பாவும் ஸ்காட் வழியில் போனார். ஸ்கூட்டரில் இருந்து எஞ்சினை இறக்கினார். ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, கொல்லையில் வேப்ப மரத்தடியில் அதைப் பொருத்தினார். உராய்ந்த சிலிண்டரைப் போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்.

பழைய கடையில் வேறு ஒரு ஹெட் வாங்கினார். அதன் மேல் சீப்புப் பல் போல இருந்த தகடுகளை லேத்தில் சீவி எடுத்தார்கள். அதன் மேல் அலுமினியத் தகட்டை மூடி ஆர்கான் வெல்டிங். கீழே ஒரு குழாய், மேலே ஒரு குழாய்.

"அண்ணாச்சி, மேல் குழாய் உச்சியில இருக்கணும். இல்லாட்டி நீராவி உள்ளேயே தங்கிரும்" என்று லேத் பட்டறைக்காரரிடம் பெரியப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் வெல்டிங் ஊசித்துளை வழியாகக் கசிந்தது. மறுபடியும் வெல்டிங். அந்தச் சூட்டில் ஹெட்டின் அடிப்பாகம் வளைந்துவிட்டது. தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, ஹெட்டை வட்ட வட்டமாகத் தேய்த்து மட்டம் செய்தார். மூன்று நாள் வேலை!

தண்ணீர்த் தொட்டி? எண்ணெய் வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர் விருதுநகர். 15 கிலோ நல்லெண்ணெய் டின் ஒன்று வேப்பங்கிளையில் ஏறியது. "நல்ல டின்னை நாசம் பண்ணிட்டாரு" என்று பெரியம்மா திட்டினார்கள். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியும் கரைந்து இருந்தது. அந்தக் கோபம் வேறு.

மீண்டும் ஜாம்!

மூன்று மாத வேலை முடிந்தது. கிக்கரை உதைத்தார். நான்காவது உதையில் எஞ்சின் பிடித்தது. தெருவே கூடிவிட்டது. டின்னைத் தொட்டுப் பார்த்தேன். மேல் தண்ணீர் வெதுவெதுப்பு, அடித் தண்ணீர் குளிர்ச்சி. ஓட்டம் சரியாக இருந்தது.

ஆனால் ஒரு சந்தேகம். ஆக்சிலேட்டரை விட்டபிறகும் எஞ்சின் உடனே அடங்கவில்லை. "ஙீ" என்று கத்திவிட்டுத்தான் இறங்கியது. பெரியப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

20 நிமிடம் ஆனது. "கிரீச்!" எஞ்சின் நின்றது. டின்னில் தண்ணீர் கொதிக்கவே இல்லை!

அன்று இரவு பெரியப்பா சாப்பிடவில்லை.

துப்பு துலங்கியது

மறுநாள் காலை விசாரணை தொடங்கியது. குற்றம் நடந்தது உண்மை. வெயில் குற்றவாளி இல்லை. தண்ணீர் இருந்தும் ஜாம் ஆகிவிட்டது. அப்படியானால் யார்? சந்தேகப் பட்டியல் போட்டோம்.

முதல் ஆள் ஆயில். லிட்டருக்கு 40 மில்லி 2-டி ஆயில் அளந்துதான் ஊற்றினோம். பலர் "சூடாகுது" என்று இன்னும் ஆயிலை ஊற்றுவார்கள். அது தவறு. ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறையும். பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். இவர் விடுதலை.

இரண்டாவது ஆள் டைமிங். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு சுமார் 20 டிகிரி முன்பாக பிளக் பொறி விட வேண்டும். ரொம்ப முந்தினால் சூடு. கோணமானி வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. இவரும் விடுதலை.

மூன்றாவது ஆள் பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை கொஞ்சம் இளகிவிடும். பழைய ரப்பருக்கும் ஆகாது. இவர் மேல் சந்தேகம் உண்டு. ஆனால் இவர் ஒருவரே செய்த வேலை அல்ல.

பிளக்கைக் கழற்றினோம். காப்பித்தூள் நிறம் என்றால் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். இதுவோ சுண்ணாம்பு போல வெளுத்து இருந்தது! எங்கோ இருந்து திருட்டுக் காற்று உள்ளே புகுந்து பெட்ரோலை இளக்கி இருக்கிறது. எஞ்சின் அடங்காமல் கத்தியதும் அதனால்தான்.

2-ஸ்ட்ரோக்கில் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறும். அந்த அறையில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் ஆபத்து.

பெரியம்மாவின் பழைய பி.பி. கருவி வீட்டில் சும்மா கிடந்தது. பிஸ்டனைக் கீழே இறக்கி, கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்தோம். பி.பி. பல்பைக் குழாயில் மாட்டி அமுக்கினேன். முள் 250-க்கு ஏறியது. அப்படியே நிற்க வேண்டிய முள், சரசரவென்று இறங்கியது!

மேக்னட் வீலைக் கழற்றி, சோப்பு நுரை தடவினோம். கிராங்க் தண்டு ஓரத்தில் குமிழி கிளம்பியது. பிடிபட்டான் குற்றவாளி!

நூறு ரூபாய்கூடப் பெறாத ஆயில் சீல். வயதாகி ரப்பர் கல்லாகி இருந்தது. தண்டை ஒட்டிப் பிடிக்கவில்லை. ஆமத்தூர் ரோட்டில் எங்களை லாரிச் சக்கரத்துக்குக் கொடுக்கப் பார்த்தது இதுதான். வண்டி மேல் குற்றம் இல்லை. இத்தனை ஆண்டு மாற்றாமல் விட்டது எங்கள் குற்றம்.

"நோய் ஒண்ணு, மருந்து ஒண்ணு கொடுத்திருக்கேன் தம்பி" என்றார் பெரியப்பா.

ஜெர்மன் ரகசியம்

இரண்டு பக்க சீலும் புதிது போட்டோம். மறுபடியும் பிஸ்டன். மெயின் ஜெட் ஒரு சைஸ் பெரிது. ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று பார்க்க, பிளக் துளை வழியாக ஈயக் கம்பியை விட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, நசுங்கிய கனத்தை அளந்தார். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். சரி.

இந்த முறை ஒரு மணி நேரம் ஓடியது. ஆக்சிலேட்டரை விட்டதும் "டொக் டொக்" என்று அடங்கியது. பிளக் காப்பித்தூள் நிறம். பிறகு பழைய ஹெட்டையே மாட்டி, தண்ணீர் இல்லாமல் ஓட்டினோம். அப்போதும் ஜாம் ஆகவில்லை!

பெரியப்பாவுக்கு ஆசை விடவில்லை. நாதஸ்வரம் போல விரிந்து குறுகும் பந்தய சைலன்சர் செய்ய வேண்டும் என்றார். அதன் பின்னால் ஒரு துப்பறியும் கதையே இருக்கிறது. எரியாமல் தப்பி ஓடும் கலவையை, புகைக்குழாயில் எழும் அலையைக் கொண்டே மறுபடி சிலிண்டருக்குள் தள்ளலாம் என்பதை, கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்டர் காடன் என்ற எஞ்சினீயர் செய்து காட்டினார். அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் இருந்து மேற்குப் பக்கம் தப்பினார். ரகசியம் ஜப்பான் சுசுகி கம்பெனிக்குப் போனது. அடுத்த ஆண்டே, 1962-ல், சுசுகிக்கு முதல் உலகப் பட்டம்!

"அதெல்லாம் பந்தய மைதானத்துக்கு. சிவகாசி ரோட்டுக்கு எதுக்கு?" என்று பெரியம்மா கேட்டதோடு அது நின்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெரியம்மா சொன்னதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பைப் பதிவுக்கு முரணாக மாற்றத் தடை போடுகிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்.

அதனால் தண்ணீர் ஹெட் ரோட்டுக்கு வரவில்லை. ஸ்கூட்டருக்குப் பழைய ஹெட்டே திரும்பியது.

இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு இன்னொரு வார்த்தை. 2-ஸ்ட்ரோக் சைலன்சரில் படியும் கரி சில சமயம் கங்காகத் தெறிக்கும். பெட்ரோல் ஆவி தரையோடு தவழும். திரியோ மருந்தோ பட்டாசோ உள்ள இடத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் வேலை கூடவே கூடாது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை தீயில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானதை இந்தப் பகுதி மறக்கவில்லை. ஒரு பொறி போதும்.

கவனிக்க வேண்டியவை

பழைய 2-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களே! ஆக்சிலேட்டரை விட்டும் எஞ்சின் அடங்கவில்லையா? அன்றே வண்டியை நிறுத்துங்கள். பிளக் நிறத்தைப் பாருங்கள். எஞ்சின் பிரித்தால் ஆயில் சீலை மாற்றாமல் மூடாதீர்கள். ஓடும்போது சத்தம் மாறினால் இடது கை கிளட்சுக்குப் போகட்டும்.

போன வாரம் பெரியப்பாவும் நானும் அதே ஸ்கூட்டரில் சிவகாசி போனோம். ஆமத்தூர் தாண்டும்போது நான் பேசவில்லை. திருத்தங்கல் வந்ததும் அவர் திரும்பிச் சொன்னார்:

"மருந்து இடிக்கிற ஊர்ல பிறந்தவன் நான். எல்லாமே அளவுதான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அளவு தப்பினா, தண்ணி ஊத்தி என்னலே பண்ண?"

அவருடைய இடது கையைப் பார்த்தேன். இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருந்தது.